பிஸ்கெட் இருந்த ஆடி விரதம்

ஆடி வெள்ளிக்கிழமை, காலை ராகு காலம். அமெரிக்காவில், சன்னிவேல் என்ற ஊரில், எங்கள் வீட்டு ஹாலில் பட்டுப்புடவைகள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. புகை அலாரம் கத்தக் கூடாது என்று என் மனைவி கோகிலா அதற்கு ஒரு ஷவர் கேப் மாட்டியிருந்தாள். குத்துவிளக்கு எரிந்தது. விளக்குக்கு எதிரே ஒரு கண்ணாடித் தொட்டி. அதன் முன்னால் எவர்சில்வர் தட்டில் ஒரு டம்ளர் பாலும், ஆர்கானிக் என்று முத்திரை குத்திய ஒரு முட்டையும் இருந்தன.

தொட்டிக்குள் எங்கள் வீட்டுப் பாம்பு பிஸ்கெட், வயிறு மேலே தெரிய மல்லாந்து கிடந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. நாக்கு ஒரு பக்கமாக வெளியே தொங்கியது.

முதலில் பார்த்தவர் மங்களம் ஆன்ட்டி. பக்கத்து ஊரான மில்பிடாஸில் மகன் வீட்டில் இருப்பவர், இந்தப் பூஜைக்கே மூலகாரணம் அவர்தான். "கோகிலா, என்னம்மா இது, போயிடுச்சா?" என்று கேட்டார். பாட்டு பாதியில் நின்றது. அம்மன் வெள்ளியில் விளக்கு முன்னால் பாம்பு செத்தால் அது யார் தலையில் விடியும் என்று எல்லோரும் யோசிப்பது முகத்திலேயே தெரிந்தது.

நான் சமையலறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். சத்தம் கேட்டுக் கேமராவை அணைத்துவிட்டு வந்தேன். பார்த்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது.

"ஒண்ணுமில்லீங்க ஆன்ட்டி. சும்மா நடிக்குது."

"நடிக்குதா?"

"ஆமாங்க. பயந்தா இப்படித்தான் செத்த மாதிரி கெடக்கும். இப்ப நேராப் பொரட்டி வெச்சா, மறுபடியும் தானே மல்லாந்துக்கும். நான் செத்துட்டேன்னு அடம் பிடிக்கும். பாருங்க."

மூடியைத் திறந்து, எல்லோரும் பார்க்கிறார்கள் என்ற பெருமையோடு கையை உள்ளே விட்டேன்.

கை அங்கேயே இருக்கட்டும். இந்தப் பாம்பு யார், எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்று சொல்லாமல் மேலே போனால் யாருக்கும் விளங்காது. சென்ற வாரம் இந்தப் பகுதியில் கறிவேப்பிலைச் செடியைப் பற்றி எழுதும்போது போகிற போக்கில் "வீட்டில் ஒரு பாம்பும் உண்டு" என்று எழுதிவிட்டேன். செடியை எல்லோரும் மறந்துவிட்டார்கள். மனைவி எப்படிச் சம்மதித்தாள் என்பதுதான் எல்லோருக்கும் சந்தேகம். எனக்கும் அந்தச் சந்தேகம் இன்னும் தீரவில்லை.

கிண்டலுக்கு வந்த பதில்

என் மகள் யாழினி இங்கேயே பிறந்தவள். மிடில் ஸ்கூல் படிக்கும்போது நாய் வேண்டும் என்று கேட்டாள். கோகிலா முடியாது என்றாள். முடி கொட்டும், ஊருக்குப் போனால் யார் பார்ப்பது. பூனை? அதுவும் முடி. முயல்? நாற்றம். பல வாரம் சாப்பாட்டு மேஜையில் இதே பேச்சு. எனக்கு எரிச்சல் வந்து, "நாயும் வேண்டாம், பூனையும் வேண்டாம். பேசாம ஒரு பாம்பு வாங்கி மடியில வெச்சுக்க" என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் ஊர் பொள்ளாச்சியில் ஒரு குழந்தையிடம் இதைச் சொன்னால் அழுதுகொண்டே எழுந்து போயிருக்கும். இவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ரியலி, அப்பா?" என்றாள்.

இங்கே பிறந்த பிள்ளைகளிடம் நம்முடைய கிண்டல் செல்லாது. நாம் திட்டுவதாக நினைத்துச் சொல்வதை அவர்கள் அனுமதியாக எடுத்துக்கொள்கிறார்கள். கோகிலாவைப் பார்த்தேன். அவள் சிரிப்பாள் அல்லது கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

"முடி கொட்டாதுல்ல?" என்றாள்.

சான்டா கிளாராவில் ஒரு கடை. தாடி வைத்த இளைஞன் ஒருவன் சிறிய டப்பாவைத் திறந்து காட்டினான். உள்ளே பென்சில் நீளத்தில், பால் பிஸ்கெட் நிறத்தில், முதுகெல்லாம் பழுப்புத் திட்டுகளோடு ஒரு குட்டி. மூக்கு நுனி மட்டும் மண்வெட்டி மாதிரி மேலே தூக்கியிருந்தது. ஹாக்நோஸ் என்று பெயர் சொன்னான். பன்றி மூக்கு என்று அர்த்தம். மண்ணைத் தோண்டத்தான் அப்படி ஒரு மூக்காம். விஷம் என்று சொல்லுமளவுக்கு ஒன்றுமில்லை, கடித்தால் வீங்கும், கடிப்பதும் அபூர்வம் என்றான். ஊருக்குப் போவதென்றால் ஓரிரு வாரம் சாப்பாடு போடாவிட்டாலும் தாங்கும் என்றான். கோகிலாவின் முகம் அந்த இடத்தில்தான் தெளிந்தது.

"ஆண். ஆண் என்றால் சின்னதாகவே இருக்கும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பதினைந்து, இருபது வருஷம் இருக்கும்" என்றான்.

நான் ஏதோ எலிக்குட்டி மாதிரி இரண்டு வருஷத்துச் சமாச்சாரம் என்று நினைத்து வந்திருந்தேன். அப்போது எங்களுக்கு கிரீன் கார்டு வரவில்லை. ஒரு விசாவின் ஆயுளான மூன்று வருஷத்துக்கு மேல் எதையும் யோசிக்கிற பழக்கமே விட்டுப்போயிருந்தது. சோபா வாங்கினால்கூட மடக்குகிற சோபாதான். அப்படியிருக்க, இருபது வருஷத்துக்கு ஒரு உயிரை ஒப்புக்கொள்கிறோம். அதைவிட, இந்தக் குழந்தை காலேஜ் போய், வேலைக்குப் போய், வீட்டை விட்டுப் போன பிறகும் இந்தப் பாம்பு நம்மோடு இருக்குமே என்று தோன்றியது. சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் யாழினி அதற்குப் பெயர் வைத்துவிட்டாள்.

செத்துக் காட்டுவது

வந்த புதிதில் பிஸ்கெட்டுக்கு எங்களைப் பிடிக்கவில்லை. கிட்டே போனால் கழுத்தைத் தட்டையாக்கிப் படம் எடுத்துச் சீறும். வாயை மூடிக்கொண்டே முட்டும். அதற்கும் நாம் மசியவில்லை என்றால் உடம்பை முறுக்கி, மல்லாந்து, வாயைப் பிளந்து, நாக்கைத் தொங்கவிட்டு, ஒரு மாதிரி அழுகல் நாற்றத்தையும் விட்டுச் செத்துப்போகும்.

முதல் தடவை அதைப் பார்த்துவிட்டு நான் குளித்துவிட்டேன். செத்த பாம்பைப் பார்த்தால் குளிக்க வேண்டும் என்பது யார் சொல்லித் தந்தது என்று தெரியாது, கால் தானாகவே பாத்ரூமுக்குப் போய்விட்டது. குளித்துத் துண்டோடு வந்தால் அது தண்ணீர்க் கிண்ணத்தில் தலை வைத்துக் குடித்துக்கொண்டிருக்கிறது.

யாழினிதான் எனக்கு அந்தச் சூட்சுமத்தைக் காட்டினாள். செத்தாற்போலக் கிடப்பதை நேராகப் புரட்டி வைத்தாள். உடனே அது மறுபடி மல்லாந்தது. திரும்பவும் வைத்தாள். திரும்பவும் மல்லாந்தது. உண்மையில் செத்தது எப்படி வைத்தாலும் அப்படியே கிடக்கும், நடிப்பதுதான் செத்துவிட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கும் என்றாள். அந்த வயதில் அவளுக்கு அது பெரிய நகைச்சுவை. என்னைச் சோபாவில் மல்லாக்கத் தள்ளி, நாக்கைத் தொங்கவிடச் சொல்லி, புரட்டிப் புரட்டி விளையாடுவாள். என் மகள் என்னோடு விளையாடிய கடைசி விளையாட்டு அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு எதுவும் ஞாபகத்தில் இல்லை.

போகப் போக பிஸ்கெட் பழகிவிட்டது. யாழினி காலேஜுக்குப் போனாள். பிறகு டெக்சஸில் வேலை, ஆஸ்டினில் அபார்ட்மெண்ட். அங்கே பாம்புக்கு அனுமதி இல்லை. கராஜில் தனியாக ஒரு குட்டி ஃபிரீசர், அதில் பனிக்கட்டியாக எலிகள், நீளமான ஒரு இடுக்கி, எல்லாம் என் பொறுப்பாயின. கோகிலா ஞாயிற்றுக்கிழமை மட்டன் சமைப்பாள், எலி இருக்கும் ஃபிரீசர் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்க மாட்டாள். என் கையில் வந்து பிஸ்கெட் சுருண்டு படுத்துக்கொள்ளும். சீறுவதில்லை, நடிப்பதில்லை. எனக்கு அது பிடித்ததா என்று கேட்டால் தெரியாது. ஆபீஸ் காலின்போது கையில் ஏதாவது இருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

ஒரே ஒரு விஷயம், ஆண் என்றால் சின்னதாகவே இருக்கும் என்றானே, இது வளர்ந்துகொண்டே போனது. என் மணிக்கட்டுப் பருமன் வந்தது. அமெரிக்கச் சாப்பாடு என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போன்

யாழினி ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். எப்போதும் ஒரே கேள்விகள்தான்.

"டிட் ஹீ ஈட்?"

"சாப்பிட்டான்."

"பூப்?"

"ஆச்சு."

பிறகு வீடியோவைத் தொட்டிப் பக்கம் திருப்பச் சொல்வாள். கோகிலா என் தோளுக்குப் பின்னால் நின்று, தன் பக்கம் ஒருமுறை திருப்பச் சொல்வாளா என்று பார்ப்பாள். "பை அப்பா, பை அம்மா." முடிந்தது. எனக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்தபோது பூங்கொத்து வந்தது, மகள் வரவில்லை. கோபம் ஒன்றும் கிடையாது. சண்டையும் கிடையாது. எங்கே அறுந்தது என்று எனக்கும் புரியவில்லை, அவளுக்கும் புரிந்திருக்காது. அவளுக்கும் எங்களுக்கும் நடுவில் பேச்சு என்று மிச்சமிருந்தது அந்தப் பாம்புதான்.

பூஜை நடந்த அந்த வருஷம், ஆனியோடு பிஸ்கெட் சாப்பிடுவதை நிறுத்தியது.

வழக்கமாக வெள்ளிக்கிழமைதான் எலி போடும் நாள். ஆடி வந்ததும் கோகிலா குறுக்கே விழுந்தாள். "ஏனுங்க, ஆடி வெள்ளி அதுவுமா வீட்டுக்குள்ள எலியக் கொண்டாராதீங்க. கவுச்சி ஆகாது. ஞாத்திக்கெழம போட்டுக்கலாம்." சரி என்று ஞாயிற்றுக்கிழமை போட்டேன். மூக்கால் ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் போய்விட்டது. அடுத்த வாரமும் அப்படியே.

யாழினியிடம் சொன்னேன். போன் நீண்டது. கண் நீலமாக இருக்கிறதா என்றாள். இருந்தது. சட்டை உரிக்கும் சமயம், அப்போது சாப்பிடாது என்றாள். சட்டை உரித்தது, அதற்குப் பிறகும் சாப்பிடவில்லை. ஆண் பாம்பு இணைதேடும் காலத்தில் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும் என்றாள். தொட்டியின் சூடு என்ன என்றாள். புதன்கிழமையும் போன் செய்தாள். ஒருநாள் அவளாகவே "அம்மா எங்க?" என்று கேட்டுக் கோகிலாவிடமும் பேசினாள். இரண்டு பேரும் பாம்பின் மலத்தைப் பற்றி அவ்வளவு அன்பாகப் பேசிக்கொண்டார்கள்.

ஒவ்வொரு விளக்கமும் சரியாகத்தான் இருந்தது. அதுதான் சிக்கல். ஒரு விளக்கம் தீர்ந்தால் இன்னொன்று தயாராக இருந்தது. எல்லாவற்றுக்கும் கடைசியில் கோகிலாவின் விளக்கம் நின்றது.

"அது விரதமிருக்குதுங்க. ஆடி பொறந்ததும் நிறுத்திருச்சு பாத்தீங்களா."

நான் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள், இருக்கட்டுமே என்று தோன்றியது. அது பட்டினி கிடக்கும்வரை என் மகள் வாரத்துக்கு இரண்டு முறை பேசினாள்.

அப்போதுதான் இன்னொன்றையும் சொன்னாள். ஒரு வாடகை வீடு பார்த்துவிட்டாளாம், பாம்பு வைத்துக்கொள்ளலாமாம். ஆவணி வாக்கில் காரை எடுத்துக்கொண்டு வந்து பிஸ்கெட்டைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள். நான் "ரொம்ப நல்லது கண்ணு" என்றேன். போனை வைத்த பிறகு, அது போய்விட்டால் இவள் ஞாயிற்றுக்கிழமை எதற்குப் போன் செய்வாள் என்று கோகிலா கேட்டாள். 

விரதச் செய்தி எப்படியோ மில்பிடாஸ் போய்ச் சேர்ந்தது. மங்களம் ஆன்ட்டி பார்க்க வந்தார். புது ஆளைக் கண்டதும் பிஸ்கெட் பழைய ஞாபகத்தில் கழுத்தை விரித்து ஒரு சீறு சீறியது. ஆன்ட்டி செருப்பைக் கழற்றிவிட்டார்.

"இது சாதாரணப் பாம்பு இல்ல கோகிலா. படம் எடுக்குது பாரு. அம்மனே உன் வீடு தேடி வந்திருக்கா. இங்க புத்துக்குப் பால் ஊத்த நாம எங்க போறது, சொல்லு."

அப்படித்தான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது. சூடம் மட்டும் கூடாது, பாம்புக்கு நுரையீரல் சீக்கிரம் கெட்டுவிடும் என்று நான் சொன்னதை ஏற்றுக்கொண்டார்கள். அந்த அளவுக்கு எனக்கு மரியாதை இருந்தது.

மறுபடி அந்தக் கை

உள்ளே விட்ட கையால் பிஸ்கெட்டை எடுத்து நேராகப் புரட்டி வைத்தேன்.

"இப்பப் பாருங்க."

எல்லோரும் பார்த்தார்கள். அது மல்லாந்துகொள்ளவில்லை. வைத்தது வைத்தபடி கிடந்தது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் வேண்டுமென்றே மல்லாக்கப் போட்டேன். அப்படியும் கிடந்தது. மறுபடி நேராக வைத்தேன். எங்கே வைத்தாலும் அங்கே.

பின்னாலிருந்து யாரோ "நடிக்குதுன்னீங்களே" என்றார்கள்.

உடம்பின் பின்பாதியில் என் விரலுக்கு ஏதோ கட்டிகட்டியாகத் தட்டுப்பட்டது. நாக்கு மெதுவாக, மிக மெதுவாக உள்ளே போய் வெளியே வந்தது. உயிர் இருந்தது.

"கோகி, கார் சாவி எடு" என்றேன். மீட்டிங்கில் யாரோ என் பெயரைச் சொல்லி அபிப்பிராயம் கேட்டுக்கொண்டிருந்தது லேப்டாப்பில் கேட்டது.

யாருடைய விரதம்?

பாம்புக்கும் ஆமைக்கும் வைத்தியம் பார்க்கிற டாக்டர் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. கிடைத்த இடத்துக்கு கோகிலா அரக்குப் பட்டுப்புடவையிலேயே வந்தாள். மடியில் தலையணை உறைக்குள் பிஸ்கெட். காத்திருக்கும் அறையில் ஒரு நாய் அவளுடைய மல்லிகைப்பூவை மோந்துபார்த்தது. நாயைக் கண்டால் தெரு மாறிப் போகிறவள் அதைத் தள்ளக்கூட இல்லை.

டாக்டர் கண்ணாடியை நெற்றியில் தூக்கிவிட்டிருந்த ஒரு நடுவயதுப் பெண். கடைசியாக எப்போது சாப்பிட்டது என்று கேட்டார். ஒரு மாதத்துக்கு மேல் என்றேன். ஏன் முன்னமே வரவில்லை என்றார். நான் திணறி, மத ரீதியான ஒரு விரதம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

"யாருடைய விரதம்? உங்களுடையதா, பாம்புடையதா?" என்று கேட்டார். கேலி இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

பிறகு கட்டை விரலால் வயிற்றை வாலை நோக்கி மெதுவாகத் தடவிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் நிறுத்தினார். ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு வந்து, இது ஆண் இல்லை என்றார்.

இத்தனை வருஷமும் "அவன்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் வயிறு நிறைய முட்டைகளோடு கிடந்தாள். கடைக்காரன் குட்டியில் தப்பாகப் பார்த்திருக்கிறான், அது சகஜம்தான் என்றார் டாக்டர். ஆண் துணையே இல்லாமலும் சில பெண் பாம்புகள் முட்டை வைக்கும், கோழி வைப்பதில்லையா, அந்த மாதிரி. குஞ்சு பொரியாத முட்டை. சாப்பிடாதது அதனால்தான். நடுவில் சட்டை உரித்ததுகூட முட்டையிடுவதற்கு முன் உரிக்கும் வழக்கம்தான். தோண்டி முட்டையிட ஈரமான இடம் கிடைக்காமல் அடக்கி அடக்கி, இப்போது ஒன்று வழியில் சிக்கியிருக்கிறது. உடம்பில் நீர் வற்றிவிட்டது. சக்தியும் போய்விட்டது.

"பொழச்சுக்குமா?" என்று கோகிலா தமிழில் கேட்டாள். டாக்டருக்குப் புரிந்தது.

நீர் ஏற்றி, ஊசி போட்டிருக்கிறேன், சூடாகவும் ஈரமாகவும் ஒரு பெட்டி செய்து வையுங்கள், தொந்தரவு செய்யாதீர்கள் என்றார். ஞாயிற்றுக்கிழமைக்குள் வரவில்லை என்றால் அறுக்க வேண்டும். இவ்வளவு தளர்ந்த நிலையில் அறுத்தால் தாங்குமா என்பதற்கு உத்தரவாதம் தர முடியாது என்றார்.

காரில் கோகிலா மடியிலிருந்த உறையை விரலால் தடவிக்கொண்டே வந்தாள். எல் கமினோ சாலை சிக்னலில் நின்றபோது, "வயித்துப்புள்ளக்காரிய வெச்சுட்டு வெரதம்னு பூசை பண்ணியிருக்கறோமுங்க" என்றாள். அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. பாம்புக்காகவா, மகளுக்காகவா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

தேங்காய் நார்

"இப்ப யாழினிகிட்டச் சொல்ல வேண்டாமுங்க" என்றாள் கோகிலா. நான் சொன்னேன். சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

யாழினி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "வெயிட். ஹீ இஸ் எ ஷி?" என்றாள். அடுத்து அவள் கேட்டதற்கெல்லாம் டாக்டர் சொன்னதையே திருப்பிச் சொன்னேன். "ஓகே" என்று வைத்துவிட்டாள்.

பெட்டிக்கு ஈரம் வேண்டும். பாசி போடலாம், தேங்காய் நார்த்தூளும் போடலாம் என்றிருந்தார் டாக்டர். பாம்புத் தொட்டிக்கென்று வாங்கிய நார்த்தூள் கட்டி கராஜில் ஒன்று இருந்தது. செங்கல் மாதிரி இருக்கும், தண்ணீரில் போட்டால் ஊறிப் பொங்கும். உறையில் இந்தியத் தயாரிப்பு என்று போட்டிருந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் இதுதான் தொழில், ஊரே நார்த்தூள் பறக்கும். கடலைத் தாண்டி வந்து ஒரு பாம்பின் பிரசவத்துக்கு இது உதவும் என்று அங்கே யார் நினைத்திருப்பார்கள்.

எலி ஃபிரீசர் பக்கம் வராத கோகிலா, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கராஜில் உட்கார்ந்து வெந்நீரில் நாரை ஊறவைத்துப் பிழிந்தாள். இடியாப்ப மாவு பதம் பார்ப்பது போல உள்ளங்கையில் அழுத்திப் பார்த்தாள். அவளுடைய பெரிய டப்பர்வேர் டப்பாவில், பக்கத்தில் துளை போட்டு, அதை நிரப்பினோம். ஊருக்கு முறுக்கு கொண்டுபோகிற டப்பா அது. அதைத் தொட்டால் வீட்டில் ரகளை நடக்கும். அன்றைக்கு அவளே எடுத்துக் கொடுத்தாள்.

டப்பாவைத் தொட்டிக்குள் வைத்து, பிஸ்கெட்டை அதனுள் விட்டோம். அசையவில்லை. சனிக்கிழமை முழுக்க அப்படியே கிடந்தது. நான் வேலைகளை எல்லாம் தொட்டி இருக்கும் அறையிலேயே செய்தேன். துணி மடித்தேன். ஒரே துணியைத் திரும்பவும் மடித்தேன். ஆஸ்டினிலிருந்து போன் வரவில்லை. நான் செய்தாலும் எடுக்கவில்லை. கோபமா, துக்கமா என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை காபி போடும்போது கோகிலா, "ஏனுங்க" என்று மெதுவாகக் கூப்பிட்டாள்.

டப்பாவின் நார் கிளறப்பட்டு ஒரு பக்கம் மேடாகியிருந்தது. அந்தப் பன்றி மூக்கு வேலை செய்திருந்தது. மேட்டுக்குப் பின்னால் மஞ்சளாய், சுருங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு முட்டைகள். அவற்றைச் சுற்றிப் பிஸ்கெட் படுத்திருந்தாள். நாக்கு சுறுசுறுப்பாக உள்ளே போய் வெளியே வந்தது. கோகிலா முட்டைகளை எண்ணினாள். எத்தனை என்று அவள் மங்களம் ஆன்ட்டியிடம் ஒரு கணக்கும் தங்கையிடம் ஒரு கணக்கும் சொன்னதால் நான் அதில் தலையிடவில்லை.

"நாம ஒண்ணு வெச்சோம், அம்மன் எத்தன திருப்பிக் குடுத்திருக்கா பாரு" என்றாராம் ஆன்ட்டி. முட்டை பொரியாது என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். நாம் வைத்த கடை முட்டை மட்டும் பொரிந்துவிடுமா என்று கேட்டார். 

நேராக வைத்தால் மல்லாந்துவிடும்

மதியம் வாசலில், டிரைவ்வேயில் கார் சத்தம். கலைந்த தலையும் கசங்கிய டி ஷர்ட்டுமாக யாழினி இறங்கினாள். வெள்ளிக்கிழமையே ஆஸ்டினிலிருந்து கிளம்பியிருக்கிறாள். வழியில் ஒரு மோட்டலில் கொஞ்சம் தூங்கிவிட்டு ஓட்டிக்கொண்டே வந்திருக்கிறாள். டிரைவ் பண்ணும்போது கெட்ட செய்தி கேட்க வேண்டாம் என்றுதான் போனை எடுக்கவில்லையாம். தீபாவளிக்கு வராதவள், பித்தப்பைக்கு வராதவள்.

எங்களைப் பார்த்தாள். "ஈஸ் ஷி..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள்.

"இருக்கா கண்ணு, இருக்கா. முட்ட வெச்சுட்டா" என்றாள் கோகிலா.

யாழினி கை கழுவிவிட்டுத் தொட்டியின் முன்னால் மண்டியிட்டாள். மூடியைத் திறந்து இரண்டு கைகளாலும் பிஸ்கெட்டைத் தூக்கினாள். தூக்கிய அடுத்த நொடி அந்த உடம்பு முறுக்கியது. மல்லாந்தது. வாய் திறந்தது. நாக்கு தொங்கியது.

"அப்பா." அவள் குரல் சின்னப்பிள்ளைக் குரலாகிவிட்டது. "அப்பா, ஷி இஸ் டையிங்."

நான் கை நீட்டி, அவள் கையிலேயே பிஸ்கெட்டை நேராகப் புரட்டி வைத்தேன்.

மல்லாந்தது.

திரும்பவும் வைத்தேன். திரும்பவும் மல்லாந்தது. கூடவே அந்த அழுகல் நாற்றம் அறை முழுக்க எழுந்தது. இவ்வளவு நல்ல நாற்றத்தை நான் என் வாழ்க்கையில் மோந்ததில்லை. "நடிக்கிறா, யாழி. நடிக்கிறா" என்று சொல்லிச் சிரித்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது.

யாழினி சிரிக்கவில்லை. நாற்றம் பிடித்த கையை அப்படியே வைத்துக்கொண்டு பிஸ்கெட்டைப் பார்த்தாள்.

"ஷி டஸன்ட் நோ மீ" என்றாள்.

அது எனக்குத் தோன்றவே இல்லை. பயந்தால்தானே நடிக்கும். நான் கையில் எடுத்தேன். பிஸ்கெட் வாயை மூடி, நாக்கை இழுத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது போல என் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டாள்.

"உங்கப்பாகிட்ட இதெல்லாம் பண்றதில்ல கண்ணு" என்று கோகிலா சொல்லிவிட்டாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். யாழினிக்கு முகம் சிவந்து அழுகை வந்தது. ஒரே நேரத்தில் எனக்குச் சந்தோஷமாகவும் அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. எதைச் செய்வது என்று தெரியாமல் ஒரு கையில் பாம்பை வைத்துக்கொண்டு இன்னொரு கையை அவள் தலையில் வைத்தேன். அவள் தட்டிவிடவில்லை.

சாப்பிட்டாளா?

முட்டைகளைக் குப்பையில் போட கோகிலாவுக்கு மனம் வரவில்லை. கறிவேப்பிலைச் செடியின் அடியில் புதைத்தாள். யாழினி கூடவே நின்று குழி தோண்டினாள். அந்தச் செடி சென்ற வாரம் நான் எழுதிய அளவுக்குச் செழித்ததற்குக் காரணம் இதுதானோ என்னவோ.

இப்போதைக்கு நீண்ட பயணம் வேண்டாம் என்றார் டாக்டர். யாழினி சில நாள் இருந்தாள். போகும் நாளன்று பிஸ்கெட் ஒரு எலியை விழுங்குவதை மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். பிறகு அவள் தனியாகவே காரை எடுத்தாள். "கீப் ஹர், அப்பா. ஷி இஸ் யுவர்ஸ்" என்று கண்ணாடியை இறக்கிவிட்டுச் சொன்னாள். எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறாளா, எங்களை விட்டுவிட்டுப் போகிறாளா என்று எனக்கு அப்போது புரியவில்லை. பாம்பு அவளுடையது இல்லை என்றால் இனி போன் எதற்கு?

அடுத்த ஞாயிறு போன் அடித்தது. கோகிலா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"ஹாய் அப்பா. சாப்டீங்களா?"

இத்தனை வருஷப் பழக்கம். "ஒரே ஒரு எலி" என்றேன்.

அவள் சிரித்தாள். சோபாவில் என்னைப் புரட்டிப்போட்டபோது சிரித்த அதே சிரிப்பு.

"நீங்கப்பா," என்றாள் தமிழில். "நீங்களும் அம்மாவும்."

போனைக் கோகிலாவிடம் கொடுத்துவிட்டேன். அவள் காலையில் செய்த உப்புமாவில் உப்பு கொஞ்சம் தூக்கல் என்பதிலிருந்து ஆரம்பித்தாள்.